சுத்திகரிக்கப்பட்ட தண்ணீரும் பஞ்சவர்ணத்தின் சட்னியும்

1. ஊற்றப்பட்ட மாவு

நான் போய்ச் சேர்ந்தபோது இட்லி மாவைச் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலரின் உதவியாளர் ஊற்றினார். அலுவலர் அதைப் போனில் படம் எடுத்தார். சி பிளாக் மாடிப்படிக்குக் கீழே பஞ்சவர்ணம் என்ற பெண் நடத்திவந்த கடை அது. குடியிருப்பில் பலருக்கு வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றிக்கொண்டு திரும்பியவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "காலைல பஞ்சவர்ணம் கடையில சாப்பிட்டோம்." அதற்கு மேல் விசாரிக்க அலுவலருக்குப் பொறுமை இல்லை. கடையைப் பூட்டி, பூட்டின் மேல் அரக்கு வைத்துச் சீலிட்டார்.

நான் அரசுத் துறை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் உதவி செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலம் முழுக்கக் காங்கிரீட் கியூபை மெஷினில் வைத்து உடைத்தேன். சோதனைக்கு வரும் கியூபில் இருக்கும் சிமெண்ட் வேறு, கட்டடத்தில் இருக்கும் சிமெண்ட் வேறு என்பது எனக்கும் தெரியும், கொண்டுவந்த கான்ட்ராக்டருக்கும் தெரியும். கியூப் பாஸாகும், தூண் விரிசல் விடும், பைல் மூடப்படும். அந்தக் கோபத்தோடு ஓய்வு பெற்றேன். வீட்டில் சும்மா இருந்திருக்கலாம். ஆராய்ச்சித் திட்டம் ஒன்றுக்கு ஆலோசகராக வாருங்கள் என்று கூப்பிட்டார்கள், போனேன்.

மதுரைக்குள் வாய்க்கால் கரையில் குடியிருந்த குடும்பங்களைப் பெயர்த்து, திருமங்கலத்துக்குக் கொஞ்சம் முன்னால், நான்குவழிச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, வெறும் காட்டில் நாலு பிளாக் கட்டிக் குடிவைத்திருந்தது துறை. அங்கே ஒரு பொறியியல் கல்லூரியோடு சேர்ந்து நீர் மறுபயன்பாட்டு ஆராய்ச்சி. குளிக்கிற, துவைக்கிற தண்ணீரைத் தனிக் குழாயில் சேர்த்து, ஜல்லியும் மணலும் நிரப்பி மேலே கல்வாழை நட்ட தொட்டி வழியாக விட்டு வடிகட்டுவது. வடிந்த தண்ணீர் கழிப்பறைக்கும் செடிக்கும் போகும். புதிதாகக் கட்டும் ஐந்தாவது பிளாக்கின் காங்கிரீட்டை நனைத்துக் கியூரிங் செய்யவும் போகும். நல்ல திட்டம். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். வருஷத்தில் பாதி நாள் காய்ந்து கிடக்கும் பூமியில் குளித்த தண்ணீரை வீணாக விடுவது பாவம்.

பஞ்சவர்ணம் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"சார், நீங்க இஞ்சினியருதான? நீங்களே கேளுங்க சார். மத்தவளுக பூராம் போர் தண்ணில ஆட்டுறாளுக. நான் மூலை வரைக்கும் நடந்து, சுத்திகரிக்கப்பட்ட தண்ணியப் புடிச்சாந்து ஆட்டுறேன். எம்புட்டுக் குடம் தெரியுமா ஒரு நாளைக்கு? என்னையப் போயி சுத்தமில்லங்கிறாரு."

"எந்தத் தண்ணிம்மா?"

"அதான் சார், நீங்க போர்டு வச்சிருக்கீகல்ல. ப்ளூ போர்டு. அந்தக் குழாத் தண்ணி."

'சுத்திகரிக்கப்பட்ட' என்ற சொல்லை ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னார். நாளெல்லாம் தெருத்தெருவாகப் போகும் கேன் தண்ணீர் வண்டி சொல்லிக்கொடுத்த சொல் அது. கேனில் வாங்கினால் காசு. இங்கே அரசாங்கமே குழாய் வைத்து இலவசமாக விடுகிறது என்று அவர் நினைத்தார். அந்தக் குழாயில் வந்தது பிளாக்கில் இருந்த அத்தனை பேரும் குளித்துத் துவைத்துவிட்ட தண்ணீர்.

நான் அலுவலரிடம் போனேன். "சார், இட்லி ஆவியில வெந்துரும். அந்தத் தண்ணியில ஆட்டினாலும் வேகும்போது கிருமி சாகும். சட்னி வேகாது. குடிக்க வச்ச குடமும் வேகாது. நீங்க மாவைக் கொட்டிட்டீங்க, சட்னியை விட்டுட்டீங்க. குழாயிலயும் சாம்பிள் எடுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "குழாய் என் ஜுரிஸ்டிக்‌ஷன் இல்ல சார். எனக்கு ஃபுட்டுதான்."

பிறகு போகிறபோக்கில் உதவியாளரிடம் சொன்னார்: "அந்தச் சட்னியையும் கொட்டிரு."

2. பலகை வந்த கதை

சில மாதங்களுக்கு முன் நடந்த கூட்டத்துக்குப் போக வேண்டும். திட்டத்தின் தலைமை ஆய்வாளரான பேராசிரியர், துறையின் செயற்பொறியாளர், கான்ட்ராக்டர், நான். செயற்பொறியாளரை நாங்கள் ஈ.ஈ. என்போம், முடிவு எதுவானாலும் அவர் கையெழுத்துத்தான்.

மறுபயன்பாட்டுக் குழாய் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு முறை இருக்கிறது. குடிநீர்க் குழாயோடு குழம்பாதபடி வேறு நிறம், வழக்கமாக வயலட். செடிக்கு ஊற்ற வெளியே வைக்கும் குழாய்க்குத் திருகு கூடாது, சாவி போட்டுத் திறக்கும் பூட்டுக் குழாய் வேண்டும். எழுத்து தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி, டம்ளர் படத்தின் மேல் சிவப்புக் குறுக்குக் கோடு. அதோடு தமிழில் எச்சரிக்கை. இவை எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். எச்சரிக்கை வாசகமாக நான் கொடுத்தது: 'கழிவுநீர். குடிக்காதீர்கள்.'

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "சார், கழிவுன்னு போட்டா ப்ராஜெக்டே நாறிடும். பப்ளிக் அக்செப்டன்ஸ்தான் இதுல முக்கியமான வேரியபிள். நாம டாய்லெட் தண்ணி கலக்கல, இது கிரே வாட்டர்."

"அப்ப சாம்பல் நீர்னு போடலாமா?" என்றார் ஈ.ஈ.

"வேண்டாம் சார், சாம்பல்னா கருமாதி நெனப்பு வரும்," என்றார் கான்ட்ராக்டர். அன்றைய கூட்டத்தில் பேசப்பட்ட ஒரே உருப்படியான வாக்கியம் அது. சொல்லுக்கு ஜனங்கள் மனதில் என்ன அர்த்தம் என்று அவர் மட்டும்தான் யோசித்தார். அதோடு அவரும் நிறுத்திக்கொண்டார்.

பேராசிரியரின் ஆங்கில அறிக்கையில் 'டிரீட்டட்' என்று இருந்தது. அதை அகராதி பார்த்துத் தமிழாக்கினார்கள்: சுத்திகரிக்கப்பட்ட நீர். கேட்க அழகாக இருந்தது. திறப்பு விழாவுக்கு மேலிடத்திலிருந்து வருகிறார்கள், புகைப்படத்தில் விழும். எல்லோருக்கும் பிடித்துப் போயிற்று.

நான் சொன்னேன்: "நம்ம ஊர்ல சுத்திகரிக்கப்பட்டதுன்னா ஒரே ஒரு அர்த்தம்தான் சார். கேன் தண்ணி. குடிக்கிற தண்ணி. இந்தப் போர்டை வச்சா குடத்தோட வருவாங்க."

"கீழ சின்னதா 'குடிப்பதற்கு அல்ல'ன்னு போட்டுரலாம்," என்றார் ஈ.ஈ.

"பெருசா போட்டா என்ன சார்?"

"போர்டு சைஸ் சேங்ஷன் ஆயிடுச்சு."

கூட்டக் குறிப்பில் என் கருத்து 'நோட்டட்' என்று பதிவாயிற்று. இளைய நண்பர்கள் இந்தச் சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். 'நீ சொன்னது காதில் விழுந்தது, செய்ய மாட்டோம்' என்பதன் அலுவலக வடிவம் அது.

அப்புறம் ஒவ்வொன்றாக நடந்தது. வயலட் பைப்புக்குப் பதில் நீலப் பைப் இறங்கியது. கான்ட்ராக்டரைக் கேட்டேன்.

"கடையில இல்ல சார். ஆர்டர் போட்டாத்தான் வருமாம். வெயில்ல கெடந்தா வயலட்டும் ப்ளூவாத்தான் சார் ஆகும், இப்பவே ப்ளூவா போட்டாச்சு," என்று சிரித்தார்.

பூட்டுக் குழாய்க்குப் பதில் சாதாரணத் திருகுக் குழாய். குளோரின் கலக்கும் டோஸிங் பம்ப் வந்து சேர்ந்தது, ஆனால் அட்டைப் பெட்டியோடு வாட்ச்மேன் அறையில் அமர்ந்தது. அதற்குக் கரண்ட் கொடுப்பது எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர் வேலையாம். அவருக்கு இன்னும் உத்தரவு போகவில்லையாம். எல்லாவற்றையும் எழுதினேன். எல்லாம் நோட்டட்.

கடைசியில் பலகை. திருமங்கலத்திலிருந்து காஜா பாய் என்ற பெயிண்டரைக் கூட்டிவந்தார்கள். நல்ல கை. எழுத்து அச்சுப்போல இருந்தது. ஆனால் நீலப் பின்னணியில் ஒரு பெரிய தண்ணீர்த் துளி, அதிலிருந்து நாலு பக்கமும் வெள்ளைக் கதிர்.

"பாய், துளி யாரு போடச் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். சுத்திகரிக்கப்பட்டன்னு எழுதினா துளி போடணும்ல? இந்த ரோட்ல இருக்கிற கேன் தண்ணி போர்டு பூராம் நம்ம கைதான் சார். துளி இல்லாம எழுதினா ஓனர் காசு தரமாட்டாரு."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரிந்திருந்தது. அகராதி பார்த்தவர்களுக்குத்தான் தெரியவில்லை. 'குடிப்பதற்கு அல்ல' என்பதற்குத் துளியின் கீழே இடம் மிச்சமில்லை. அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

3. ஈ.ஈ.யின் பாட்டில்

சீல் வைத்த அன்றே குழாய்க்குப் போகும் கேட்வால்வை நானே அடைத்தேன். வீடு வீடாகப் போய் அந்தத் தண்ணீர் என்ன தண்ணீர் என்று சொன்னேன். கேட்டவர்கள் முகம் சுளித்தார்கள். சிலர் என்னையே திட்டினார்கள், நியாயம்தான். ஆனால் ஒருவரும் பஞ்சவர்ணத்தைப் பழியிலிருந்து விடுவிக்கவில்லை. "தண்ணியும் மோசம்தான் சார், ஆனா அந்தக்கா மாவும் ஊசிப் போயிருக்கும். இல்லன்னா கவர்மெண்ட்டு சீல் வைக்குமா?" என்றார் ஏ பிளாக்காரர் ஒருவர். அரக்கு என்பது அவ்வளவு வலுவான சாட்சி.

பஞ்சவர்ணத்துக்குக் கணவர் இல்லை. வாய்க்கால் கரையில் இருந்தபோது அவர் கடைக்கு ஆட்டோக்காரர்கள் வரிசையில் நிற்பார்களாம். இங்கே வந்த பிறகு ஒன்றிலிருந்து தொடங்கி, இப்போதுதான் கடை நிமிர்ந்திருந்தது. பூட்டிய கடைக்கு முன்னால் தினமும் காலையில் வந்து உட்கார்ந்தார். ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"வீட்டுக்குள்ள இருந்தா ஒளிஞ்சிக்கிட்டேன்னு சொல்லுவாக சார்."

விசாரணைக்கு ஈ.ஈ. வந்தார். பேராசிரியரும் வந்தார். அறிக்கை ஏற்கெனவே டைப் ஆகி வந்திருந்தது. வாசித்துக் காட்டினார்கள்: 'உணவு தயாரிப்பில் சுகாதாரக் குறைபாடு மற்றும் பயனாளிகளின் விழிப்புணர்வின்மை.' மறுபயன்பாட்டு நீர், தோட்டப் பயன்பாட்டுக்குரிய எல்லா அளவுகோல்களுக்கும் உட்பட்டே இருந்ததாம். உண்மைதான். செடிக்கு வயிற்றுப்போக்கு வராது.

"விழிப்புணர்வு இல்லைங்கிறீங்களே சார், அந்தம்மா போர்டைப் படிச்சுட்டுத்தான் தண்ணி புடிச்சிருக்கு. படிக்காம இருந்திருந்தா போர் தண்ணியில ஆட்டியிருக்கும். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது," என்றேன்.

"எமோஷனலா பேசாதீங்க சார்," என்றார் பேராசிரியர். "ஒரு இன்சிடென்டை வச்சு டெக்னாலஜியைக் குறை சொல்ல முடியாது."

"டெக்னாலஜியைச் சொல்லல. கல்வாழை அதன் வேலையைச் செய்யுது. நாமதான் செய்யல."

தளத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினோம். வெயில் ஏறிவிட்டது. தொட்டி, கல்வாழை, ஐந்தாவது பிளாக் என்று எல்லாம் காட்டினார் கான்ட்ராக்டர். திரும்பி ஜீப்புக்கு வந்ததும் ஈ.ஈ. கையை நீட்டினார். டிரைவர் முருகேசன் பாட்டிலைக் கொடுத்தார். ஈ.ஈ. அண்ணாந்து நாலைந்து வாய் குடித்தார். முகத்தில் ஏதோ மாறியது.

"என்னய்யா, தண்ணி சோப்பு வாசம் அடிக்குது? பாட்டிலக் கழுவுனியா?"

"நல்லாக் கழுவித்தான் சார் புடிச்சேன்."

"எங்க புடிச்ச?"

முருகேசன் சி பிளாக் மூலையைக் காட்டினார். "அந்தா, சுத்திகரிக்கப்பட்டதுன்னு போர்டு இருக்குல்ல சார். கேன் தண்ணி வாங்க அம்புட்டுத் தூரம் போகணும், இங்கயே நல்ல தண்ணி வருதேன்னு புடிச்சுட்டேன்."

நான் அடைத்த வால்வைக் கான்ட்ராக்டர் காலையில் திறந்துவிட்டிருந்தார். ஆய்வுக்கு அதிகாரி வரும்போது குழாயில் தண்ணீர் வராமல் இருந்தால் நன்றாக இருக்குமா?

ஈ.ஈ. ஓரமாகப் போய் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார். பேராசிரியர் கல்வாழையைப் பார்த்தபடி நின்றார். முருகேசன் மட்டும் எதுவும் புரியாமல் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். கான்ட்ராக்டர் அவர் தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னார்: "மாப்ள, நீ ஜீப்ல ஏறி உக்காரு. இன்னைக்கு வாயவே தொறக்காத."

அன்று மதியத்துக்குள் பலகை இறங்கியது. திருகுக் குழாய் கழற்றப்பட்டு மூடி போடப்பட்டது. சேங்ஷன், உத்தரவு, ஜுரிஸ்டிக்‌ஷன் என்று மாதக்கணக்கில் நகராத வேலையெல்லாம் ஒரு வயிற்றுக்காக அரை நாளில் நகர்ந்தது. டோஸிங் பம்ப்புக்கு அன்று சாயங்காலமே கரண்ட் வந்தது. இத்தனை குடும்பங்களின் வயிறு செய்யாததை ஈ.ஈ.யின் வயிறு செய்தது. இதை நான் நல்ல முடிவு என்று சொல்லமாட்டேன். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆனால் அறிக்கையும் மாறியது. 'மறுபயன்பாட்டு நீர்க் குழாயைக் குடிநீர்க் குழாயாகக் கருத நேர்ந்ததால்' என்று எழுதச் சம்மதித்தார்கள். அந்த வரியைக் காட்டி உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் நின்று சீலை எடுக்க வைத்தேன். கடையைக் கழுவி, புதுச் சட்டி வாங்கி, பஞ்சவர்ணம் மறுநாள் அடுப்புப் பற்ற வைத்தார்.

ஒருவரும் வரவில்லை.

4. மைக்

விற்காத இட்லியை ஆடுகளுக்குப் போட்டுவிட்டுப் பஞ்சவர்ணம் என்னிடம் வந்தார்.

"சீலு வைக்கிறப்ப ஊரே நின்னு பாத்துச்சு சார். எடுக்கிறப்ப நீங்களும் நானும் அந்த ஆபீசருந்தான் இருந்தோம். மைக் வச்சு சொல்லச் சொல்லுங்க."

ஈ.ஈ.யிடம் போனேன். அவர் உடம்பு தேறி, பழையபடி ஆகிவிட்டிருந்தார். "தப்பை ரெக்டிஃபை பண்ணியாச்சே சார். மைக்குக்கெல்லாம் ப்ரொவிஷன் இல்ல."

"இருக்கு சார்," என்றேன். திட்ட மதிப்பீட்டில் 'விழிப்புணர்வுப் பணி' என்று ஓர் இனம் உண்டு. துண்டுப் பிரசுரம், தெருக்கூத்து, ஒலிபெருக்கி அறிவிப்பு. ஒரு பைசா தொடப்படாமல் கிடந்தது. "பயனாளிகளுக்கு விழிப்புணர்வு இல்லைன்னு எழுதினீங்களே. கொடுப்போம். செலவு பண்ணலைன்னா ஆடிட்ல ஏன் பண்ணலன்னு கேட்பாங்க."

ஆடிட் என்றதும் கையெழுத்து விழுந்தது. நடைமுறை தெரிந்தவனுக்கு இருக்கும் ஒரே ஆயுதம், நடைமுறைதான்.

ஆட்டோ வந்தது. மேலே குழாய் ஸ்பீக்கர், உள்ளே மைக் பிடித்த ஓர் ஆள். வாசகம் நான் எழுதிக் கொடுத்தது. இடையில் ஆபீஸில் யாரோ திருத்தியிருக்கிறார்கள். முதல் பிளாக்கில் இப்படித்தான் ஒலித்தது: "அன்பார்ந்த குடியிருப்புவாசிகளே, சி பிளாக் அருகே இருந்த மறுபயன்பாட்டு நீர் இணைப்பில் ஏற்பட்ட சிறு குறைபாடு சரிசெய்யப்பட்டது..."

பஞ்சவர்ணம் கரண்டியோடு வந்து ஆட்டோவுக்குக் குறுக்கே நின்றார்.

"அண்ணே, நிறுத்துங்க. என்ன குறைபாடு?"

"எழுதிக் குடுத்தத வாசிக்கிறேன் தாயி."

"அது யாருக்கும் வெளங்காது. குளிச்ச தண்ணி, துணி தொவச்ச தண்ணி, சாக்கடைத் தண்ணி வந்துச்சுன்னு சொல்லுங்க. நல்ல தண்ணின்னு போர்டு வச்சு ஏமாத்திட்டாகன்னு சொல்லுங்க. பஞ்சவர்ணம் கடை மாவு கெட்டுப் போகலன்னு சொல்லுங்க."

மைக் பிடித்தவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். 'ஏமாத்திட்டாக' என்பதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அப்படியே சொன்னார். நாலு பிளாக்கும் கேட்டது. மாடிகளில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். சாக்கடை என்ற சொல் அந்த வளாகத்தில் அரசாங்க ஒலிபெருக்கியில் ஒலித்தது. விடாமல் ஐந்தாறு சுற்று.

இளைய பொறியாளர்களுக்கு நான் சொல்வது இதுதான். தண்ணீரை மறுபடி பயன்படுத்துங்கள். நம் ஊருக்கு வேறு வழியில்லை. ஆனால் பலகையில் எழுதப்போகும் சொல்லை, எழுதுவதற்கு முன்னால் அந்தக் குழாய்க்குக் குடம் கொண்டுவரப் போகிறவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவருக்கு என்ன விளங்குகிறதோ அதுதான் அந்தச் சொல்லின் அர்த்தம். உங்கள் அறிக்கையில் இருப்பது அர்த்தமே அல்ல.

இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கம் போனேன். மாவும் ஊசியிருக்கும் என்று முன்பு சொன்ன அதே ஏ பிளாக்காரர் கடை முன்னால் தட்டோடு நின்றார்.

"என்னக்கா, சட்னி இருக்கா?"

"இருக்கு," என்றார் பஞ்சவர்ணம். "தண்ணி எங்க புடிச்சேன்னு கேட்டுட்டு ஊத்திக்க."

அவர் கேட்டார். பஞ்சவர்ணம் சொன்னார். பின்னால் நின்றவரும் கேட்டார். அவருக்கும் சொன்னார். பயனாளிகளுக்கு இல்லை என்று துறை எழுதிய விழிப்புணர்வு இதுதான். துறைக்குத்தான் அது இன்னும் வந்து சேரவில்லை.